கழக றக்பி வீரர்களைத் தெரிவு செய்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழும்பின் றக்பி மைதானங்களான ஹெவ்லொக் பார்க்கிலோ லோங்டன் பிளேஸிலோ நடைபெறும் லீக் போட்டியொன்றுக்கு, தொழில்முறை அணிக்கு வீரர் தேடி வருபவர்கள் பெரும்பாலும் செய்யும் தவறு, 80 நிமிடமும் பந்தையே பார்த்துக்கொண்டிருப்பதாகும். ஒரு வீரரின் கையில் பந்து இருப்பது மிகச் சொற்ப நேரமே. டேக்கிள் செய்து (பந்தைக் கொண்டோடும் எதிரணி வீரரைப் பிடித்து வீழ்த்தி) விழுந்தவர் எவ்வளவு விரைவில் எழுந்து தற்காப்பு வரிசையில் தமது இடத்துக்குத் திரும்புகிறார், ரக்கில் (தரையில் கிடக்கும் பந்துக்காக இரு அணியினரும் நின்றபடி மோதித் தள்ளும் இடத்தில்) கலந்துகொள்வதா ஒதுங்கி நிற்பதா என்பதை எப்படித் தீர்மானிக்கிறார், கொழும்பின் புழுக்கத்தில் கடைசி 20 நிமிடங்களிலும் அதே வேலையைச் செய்கிறாரா என்பவையே அவருடைய தரத்தைக் காட்டுகின்றன. ஆகவே ஒரு போட்டிக்கு ஓரிரு வீரர்களை மட்டும் குறித்துக்கொண்டு, பந்து மைதானத்தின் மறுபக்கத்தில் இருக்கும்போதும் அவர்களையே கவனிக்க வேண்டும்.

ட்ரைகளின் (எதிரணியின் கோல் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைத்துப் புள்ளி பெறுவதன்) எண்ணிக்கையை நம்பித் தெரிவு செய்வதும் இதே தவறின் இன்னொரு வடிவமே. லீக் பட்டத்தைப் பலமுறை வென்ற கண்டி விளையாட்டுக் கழகம் போன்ற பலமான அணியில் மைதான ஓரமான விங் நிலையில் ஆடுபவருக்கு, உள்ளே நிற்பவர்கள் இடைவெளியைத் திறந்து கொடுத்த பின்னரே பந்து வந்து சேரும். தோற்கும் அணியில் அதிகம் டேக்கிள் செய்ய வேண்டிய முன்கள வீரரான பிளங்கருக்கோ ஓய்வே கிடையாது. அவர் எப்படித் தாங்குகிறார் என்பதை அங்கே தெளிவாகக் காணலாம். அட்டவணையின் அடியில் உள்ள அணிகளின் ஆட்டங்களைத் தவிர்ப்பவர் நல்ல தற்காப்பு வீரர்கள் பலரைத் தவறவிடுகிறார் என்பது என் உறுதியான கருத்து.

பாடசாலைப் புகழை அப்படியே கழகத் தகுதியாக எடுத்துக்கொள்வது நம் நாட்டில் ஆழமாக வேரூன்றிய பழக்கம். றோயல், திரித்துவக் கல்லூரிகள் 1945 முதல் மோதிவரும் பிரட்பி கேடயப் போட்டியில் பெயர் பெற்றவரைப் பற்றி ஊரே பேசும். ஆயினும், விளையாட்டின் சர்வதேச ஆளும் அமைப்பான உலக றக்பி 19 வயதுக்குட்பட்டோருக்கு வகுத்த விதிகளின்படி, இரு அணியின் முன்கள வீரர்களும் பிணைந்து தள்ளும் ஸ்க்ரமை 1.5 மீற்றருக்கு மேல் தள்ள முடியாது. ஒவ்வொரு பாதியும் 35 நிமிடங்களே. பாடசாலையில் அசைக்க முடியாதவராகத் தோன்றிய ப்ரொப் வீரர் (ஸ்க்ரமின் முன்வரிசையில் நிற்பவர்), வளர்ந்தவர்களின் முழுத் தள்ளலையும் சந்திப்பது கழகத்துக்கு வந்த பின்புதான். மேலும், பதினேழு வயதில் சிலர் முன்னதாகவே வளர்ந்துவிடுவதால் உடல் பலத்தாலேயே வெல்வார்கள். பிந்தி வளர்பவரோ அதே வயதில் கால் நகர்வையும் பந்து கடத்தும் நேரத்தையும் கூர்மைப்படுத்தியிருப்பார். எனவே முன்வரிசை வீரர் எவரையும் குறைந்தது ஒரு முழுக் கழகப் பருவமாவது பார்க்காமல் முடிவு சொல்லக் கூடாது.

மைதானத்தில் சத்தமாகப் பேசுபவரே தலைமைத்துவம் உள்ளவர் என்று குறிப்பெழுதுவது தமிழ் பேசும் வீரர்களைப் பெரிதும் பாதிக்கிறது. அணிக்குள் அழைப்புகள் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் ஒலிக்கும்போது, தமிழ் மொழிமூலம் படித்து வந்த இளைஞர் ஆரம்பத்தில் குறைவாகவே பேசுவார். அவர் கையால் காட்டும் சைகைக்கு அருகில் உள்ளவர்கள் நகர்கிறார்களா என்று பார்த்தாலே பதில் கிடைத்துவிடும்.

தலையில் அடிபட்டும் வெளியேறாமல் ஆடியதைத் துணிச்சலாகப் பாராட்டுவது மிக ஆபத்தானது. மூளை அதிர்வு சந்தேகிக்கப்பட்டாலே வீரரை உடனே வெளியேற்ற வேண்டும் என்பதே உலக றக்பியின் நெறி. ஒப்பந்தப் பேச்சு தொடங்குமுன் முந்திய தலைக்காயங்கள், தோள் மற்றும் முழங்கால் சிகிச்சைகள் பற்றிக் கழக மருத்துவரிடம் வீரரின் சம்மதத்துடன் கேட்டறிந்து, அவற்றை உண்மையாகச் சொன்ன காரணத்துக்காக எவரையும் பட்டியலிலிருந்து நீக்காதிருக்க வேண்டும்.