முதல் பென்டெஸ்டுக்குப் போகிறவர்களுக்கு

பென்டெஸ்ட் என்றால் கிளையன்டின் அனுமதியோடு அவருடைய சிஸ்டத்தை உடைத்துப் பார்த்து ஓட்டைகளைச் சொல்வது. அதற்கான கருவிகளோடு வரும் காலி லினக்ஸ் ஏற்றியாயிற்று, பயிற்சித் தளமான ஹேக் த பாக்ஸில் நாற்பது மெஷின் உடைத்தாயிற்று, வேலையும் கிடைத்துவிட்டது. சரி, முதல் நாள் டெர்மினலைத் திறக்காதீர்கள். கிளையன்ட் கையெழுத்துப் போட்ட அனுமதிக் கடிதமும், எதையெல்லாம் சோதிக்கலாம் என்ற ஸ்கோப் பட்டியலும் ஒரு பிடிஎஃப்பில் வந்திருக்கும், அதைத் திறந்து மூன்று முறை படியுங்கள்.

2019 செப்டம்பரில் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், டல்லஸ் கவுண்டி நீதிமன்றக் கட்டடத்துக்குள் அதன் பாதுகாப்பைச் சோதிக்க நடுராத்திரி நுழைந்த இரண்டு பென்டெஸ்டர்களைத் திருட்டு வழக்கில் பிடித்து ஜெயிலில் போட்டார்கள். கையில் கடிதம் இருந்தது. கடிதம் கொடுத்தது மாநில நீதித்துறை, கட்டடமோ கவுண்டியுடையது, அனுமதி கொடுக்க அவர்கள் யார் என்று ஷெரிஃப் கேட்டுவிட்டார். வழக்கு கைவிடப்பட்டது 2020 ஜனவரியில்தான். நம் ஊரிலும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஆவது பிரிவு சிஸ்டத்தின் உரிமையாளருடைய அல்லது பொறுப்பாளருடைய அனுமதியைத்தான் பேசுகிறது. கெட்ட எண்ணத்தோடு செய்தது என்றானால் 66-ஆவது பிரிவு, மூன்று வருஷம் வரை சிறை அல்லது 5 லட்சம் வரை அபராதம், இரண்டும்கூட வரலாம்.

அதனால் பட்டியலில் உள்ள ஒவ்வொரு ஐபி முகவரிக்கும் ஹூயிஸ் போட்டு, அது யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். கிளையன்டின் சப்டொமைன் என்று கொடுத்திருப்பார்கள், உள்ளே போனால் அது வேறு யாரோ நடத்தும் சம்பளக் கணக்கு சர்வீஸாக இருக்கும். சந்தேகம் வந்தால் மெயிலில் கேளுங்கள், போனில் 'பாத்துக்கலாம் பாஸ்' என்று சொன்னதெல்லாம் செல்லாது. ராத்திரி இரண்டு மணிக்கும் எடுக்கிற ஒருவருடைய மொபைல் நம்பரையும் வாங்கி வையுங்கள்.

அடுத்தது ஸ்கேன், அதாவது எந்த மெஷினில் எந்த போர்ட் (சர்வீஸுக்குப் போகும் எண்ணிட்ட வாசல்) திறந்திருக்கிறது என்று பார்ப்பது. 9100 போர்ட் பிரின்டருடையது, அங்கே எதை அனுப்பினாலும் பல பிரின்டர்கள் அப்படியே அச்சடித்துவிடும். இதனாலேயே ஸ்கேன் கருவியான என்மேப், போர்ட்டில் ஓடும் சாஃப்ட்வேரின் வெர்ஷனைப் பார்க்கும்போது 9100 முதல் 9107 வரை தானாகவே விட்டுவிடுகிறது. ஆர்வக் கோளாறில் அதையும் பார் என்று ஆப்ஷன் கொடுத்தால், அக்கவுண்ட்ஸ் செக்‌ஷனில் பேப்பர் பேப்பராகக் கொட்டும், தாளுக்கு ஒரே ஒரு வரி, அதுவும் அங்கே யாருக்கும் புரியாத ஒரு ஹெச்டிடிபி வரி.

என் பங்குக்கு நான் செய்தது இதைவிட மோசம். ஒரு கம்பெனியில் பாஸ்வேர்ட் ஸ்ப்ரேயிங், அதாவது எல்லா யூசருக்கும் ஒரே பாஸ்வேர்டைப் போட்டுப் பார்ப்பது. ஐந்து முறை தப்பானால் அக்கவுண்ட் லாக் ஆகும் என்று தெரியும், அதனால் மூன்றோடு நிறுத்திக்கொண்டேன். கூட வந்த நண்பரும் தனியாக மூன்று போட்டிருக்கிறார், எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்கு முந்நூறு பேருக்கு மேல் லாகின் ஆக முடியாமல் ஹெல்ப்டெஸ்க் போன் அலறியது. இப்போதெல்லாம் லாக்அவுட் பாலிசியை முதலிலேயே கேட்டு வாங்கிவிடுகிறேன், தப்பான முயற்சிகளின் எண்ணிக்கை எப்போது பூஜ்யத்துக்குத் திரும்பும் என்பது உட்பட. ஒரு சுற்றுக்கு ஒரே பாஸ்வேர்ட், அதையும் டீமில் ஒரே ஆள்தான் போடுவார், நேரத்தோடு ஷீட்டில் எழுதுவார்.

நேரம் எழுதுவது எல்லாவற்றுக்குமே வேண்டும். 'பதினொன்றே முக்காலுக்கு சர்வர் விழுந்தது, நீங்களா?' என்று கேட்கும்போது நோட்ஸ் இல்லாவிட்டால் பழி உங்கள்மேல்தான்.

வெப் அப்ளிகேஷனில் நல்ல ஓட்டைகளை ஸ்கேனர் கண்டுபிடித்துக் கொடுக்காது. வெப் பாதுகாப்பு அமைப்பான ஓவாஸ்ப் 2021-இல் வெளியிட்ட டாப் 10 ஓட்டைகள் பட்டியலில் முதலிடம் அக்சஸ் கன்ட்ரோல் (யார் எதைப் பார்க்கலாம் என்ற கட்டுப்பாடு) கோளாறுகளுக்கு, அதைக் கையால்தான் தேட வேண்டும். ஒரே லெவலில் இரண்டு டெஸ்ட் அக்கவுண்ட், ஒரு அட்மின் அக்கவுண்ட் கேட்டு வாங்குங்கள். ஒரு எச்.ஆர். போர்ட்டலில் சம்பளச் சீட்டு டவுன்லோட் ஆகும்போது, பிரவுசர் அனுப்புகிற ரிக்வெஸ்டைப் பிடித்துக் காட்டும் பர்ப் கருவியில் பார்த்தேன், ரிக்வெஸ்டின் கடைசியில் 20417 என்று ஒரு எண். அதை 20418 ஆக்கி அனுப்பினேன், யாரோ ஒருவருடைய சம்பளம், பிடித்தம், பி.எஃப். நம்பர் எல்லாம் வந்து நின்றது. ஸ்கேனர் கண்ணுக்கு அது 200 ஓகே என்ற ஒழுங்கான பதில், அது யாருடைய சம்பளம் என்று அதற்கு எப்படித் தெரியும்? இங்கே ஒன்று, இரண்டு பார்த்ததுமே நிறுத்திவிடுங்கள். நிரூபிக்க அது போதும், ஐந்நூறு சீட்டை இறக்கி வைத்தால் அந்த டேட்டா லீக்குக்கு நீங்கள்தான் காரணம். ஸ்கிரீன்ஷாட்டில் பெயரையும் எண்ணையும் மறைத்துவிடுங்கள்.

ரிப்போர்ட்டை கடைசி நாளுக்கு வைக்காமல் தினம் சாயங்காலம் ஒரு மணி நேரம் எழுதுங்கள். கிளையன்ட் காசு கொடுப்பது அந்தக் காகிதத்துக்குத்தான், நீங்கள் சர்வருக்குள் புகுந்து ஷெல் (கமாண்ட் ஓட்டும் வசதி) எடுத்த வீரக்கதைக்கு இல்லை. முதல் பக்கத்தை எம்.டி. படிப்பார், அவரிடம் ஓட்டையின் தீவிரத்தைக் காட்டும் சி.வி.எஸ்.எஸ். மதிப்பெண் சொல்லிப் பயனில்லை. 'இந்தக் கம்பெனியில் யார் சம்பளத்தையும் யாரும் பார்க்கலாம்' என்று எழுதினால் அன்றே மீட்டிங் போடுவார். டெவலப்பருக்கு அது போதாது, ரிக்வெஸ்ட், ரெஸ்பான்ஸ் இரண்டையும் அப்படியே கொடுத்து, லாகின் செய்திருப்பவர் அந்தச் சீட்டுக்கு உரியவர்தானா என்று சர்வர் பக்கம் சரிபார்க்கச் சொல்லி எழுதுங்கள். அவரைக் குத்திக்காட்டும் தொனி மட்டும் வேண்டாம், சரிசெய்தாயிற்றா என்று பார்க்கும் ரீடெஸ்டுக்கு அவரிடம்தான் போய் நிற்க வேண்டும்.

அப்புறம் சுத்தம் செய்வது. ஏற்றிய ஃபைல், உருவாக்கிய யூசர், மாற்றிய செட்டிங் எல்லாவற்றையும் பட்டியல் போட்டு, ஒவ்வொன்றாக நீக்கிவிட்டு, அந்தப் பட்டியலை கிளையன்டுக்கும் அனுப்புங்கள். ஒருமுறை நான் இதை நினைவை நம்பிச் செய்தேன். ஆறு மாதம் கழித்து ரீடெஸ்டுக்குப் போனால், நானே உருவாக்கிய அட்மின் அக்கவுண்ட் அதே பாஸ்வேர்டோடு உயிரோடு இருந்தது. அந்த ரிப்போர்ட்டில் முதல் ஃபைண்டிங்காக அதைத்தான் எழுதிக் கொடுத்தேன்.