நாலு அணிக்கு ஒரு பஸ்ஸர் பெட்டி: அர்டுயினோவில் செய்யும் முறை

பொங்கல் விழா மேடையிலோ பள்ளி ஆண்டு விழாவிலோ வினாடி வினா வைத்தால், சண்டை பெரும்பாலும் ‘யார் முதலில் கை தூக்கியது’ என்பதில்தான் வரும். அர்டுயினோ ஊனோ என்ற, நாமே புரோகிராம் எழுதி இயக்கும் சின்ன போர்டு ஒன்றும் காலிங்பெல் சுவிட்ச் நாலும் இருந்தால் அந்தச் சண்டையைத் தீர்த்துவிடலாம். புரோகிராம் எளிது. கவனம் முழுக்க ஒயரிலும் சுவிட்சிலும்தான் வேண்டும்.

தேவையானவை: ஊனோ போர்டு, பெட்டியோடு காலிங்பெல் சுவிட்ச் 4, நடத்துபவருக்குச் சின்ன புஷ் பட்டன் 2, வெவ்வேறு நிறத்தில் 10 மி.மீ. எல்இடி 4, 220 ஓம் ரெசிஸ்டர் 4, 1 கிலோ ஓம் 5, ‘104’ என்று அச்சிட்ட 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் கெப்பாசிட்டர் 4, 5 வோல்ட் ஆக்டிவ் பஸ்ஸர், பிசி547 டிரான்சிஸ்டர், 1என்4007 டயோடு, அணிக்கு 5 முதல் 8 மீட்டர் நெட்வொர்க் கேபிள். சுவிட்சும் பெட்டியும் கும்பகோணம், திருவாரூர், மயிலாடுதுறை என எந்த ஊர் எலெக்ட்ரிக் கடையிலும் கிடைக்கும். பிள்ளைகள் ஓங்கி அடித்தாலும் தாங்கும்.

அணிகளின் சுவிட்ச் 2, 3, 4, 5 ஆம் பின்களுக்கு. 0, 1 இரண்டும் கணினியோடு பேசும் பின்கள், அவற்றைத் தொடவேண்டாம். எல்இடிகள் 220 ஓம் வழியாக 8 முதல் 11 வரை, பஸ்ஸர் 12, நடத்துபவரின் ‘திற’, ‘ரீசெட்’ பட்டன்கள் ஏ0, ஏ1. இந்த இரண்டு பட்டனுக்கும் போர்டுக்குள்ளேயே இருக்கும் புல்அப் (அழுத்தாதபோது பின்னை 5 வோல்ட்டில் பிடித்து வைக்கும் ரெசிஸ்டர்) போதும்.

அணி சுவிட்சுகளுக்கு அது போதாது. உள் புல்அப் 20 முதல் 50 கிலோ ஓம். அதில் ஓடுவது கால் மில்லிஆம்பியருக்கும் குறைவு. காலிங்பெல் சுவிட்சோ 230 வோல்ட்டுக்குச் செய்தது. ஐப்பசி, கார்த்திகை மழை ஈரத்திலும், நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்து உப்புக்காற்றிலும் அதன் காண்டாக்டில் படியும் மெல்லிய களிம்பை இவ்வளவு சின்ன கரண்ட் தாண்டாது. அழுத்தியும் விளக்கு எரியாமல் போவது இதனால்தான். ஒவ்வொரு பின்னிலிருந்தும் 5 வோல்ட்டுக்கு 1 கிலோ ஓம் போட்டால் 5 மில்லிஆம்பியர் ஓடும். அதே பின்னிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு 104 கெப்பாசிட்டரை, போர்டு பக்கத்திலேயே வையுங்கள். இல்லையென்றால் யாரோ டியூப்லைட் போட்டதற்கு மூன்றாம் அணி விளக்கு எரியும்.

கேபிளில் ஒரு முறுக்கு ஜோடி: நிற ஒயர் சிக்னல், வெள்ளையில் நிறக்கோடு போட்டது கிரவுண்டு. அணிக்கு அணி தனி கேபிள். ஒரே கிரவுண்டு ஒயரை மேசை மேசையாகச் சுற்றினால், ஓர் இணைப்பு விட்டதும் அதற்கடுத்த அணிகள் எல்லாம் ஊமையாகிவிடும். இணைப்புக்கு ஸ்க்ரூ டெர்மினல் நல்லது. ஆடியோ ஜாக் செருகும் நொடியில் ஷார்ட் ஆகும். அதையும் ‘அழுத்தியது’ என்றே போர்டு எடுத்துக்கொள்ளும். பெல் சுவிட்ச் என்பதால் யாராவது மின்சார பிளக்கில் மாட்டிவிடக்கூடும். ஒவ்வொரு பெட்டியிலும் ‘5 வோல்ட் மட்டும்’ என்று பெயின்டில் எழுதியே தீரவேண்டும்.

பஸ்ஸரை நேராகப் பின்னில் மாட்டக்கூடாது. பின் தாங்குவது 20 மில்லிஆம்பியர். பஸ்ஸர் 30 வரை இழுக்கும். பிசி547-இன் தட்டைப் பக்கம் உங்களைப் பார்க்க, கால்கள் கீழே இருந்தால், இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். பேஸுக்கு 12 ஆம் பின்னிலிருந்து 1 கிலோ ஓம், எமிட்டர் கிரவுண்டுக்கு, கலெக்டர் பஸ்ஸரின் மைனஸுக்கு, பஸ்ஸரின் பிளஸ் 5 வோல்ட்டுக்கு. டயோடு பஸ்ஸருக்குக் குறுக்கே, வெள்ளிக்கோடு பிளஸ் பக்கம். சத்தம் முனகலாக வந்தால் டிரான்சிஸ்டர் திரும்பியிருக்கிறது.

புரோகிராமுக்கு மூன்று நிலை: மூடல் (கேள்வி முடியும்வரை), திறப்பு (அழுத்தலாம்), பூட்டு (ஓர் அணி அழுத்தியபின் ரீசெட் வரை). ‘மேட்டூர் அணை…’ என்று தொடங்கியதுமே ஓர் அணி அழுத்தும். கேள்வி அணை திறந்த ஆண்டா (1934), ஆண்டுதோறும் குறுவைக்குத் தண்ணீர் விடும் வழக்கமான நாளா (ஜூன் 12) என்று அதற்குத் தெரியாது. மூடல் நிலையில் அழுத்திய அணியின் விளக்கை மினுக்கவிட்டு, அந்தக் கேள்விக்கு அதை விலக்கிவிடுங்கள். கடைசிச் சொல்லை முடித்த பிறகே நடத்துபவர் ‘திற’வை அழுத்தவேண்டும்.

திறப்பு நிலையில் நாலு பின்னையும் ஒன்றன்பின் ஒன்றாகப் படிக்காமல், 0 முதல் 7 வரையான பின்களின் நிலையை ஒருசேரக் காட்டும் பின்-டி (PIND) ரெஜிஸ்டரை ஒரே வீச்சில் படியுங்கள். அழுத்தினால் 0 என்பதால் பிட்டுகளைத் திருப்பி, வலப்பக்கம் இரண்டு தள்ளி, கீழ் நாலு பிட்டை மட்டும் எடுத்து, விலக்கிய அணியின் பிட்டை நீக்குங்கள். 1, 2, 4, 8 வந்தால் அந்த அணிக்கு வாய்ப்பு. 0 என்றால் யாரும் அழுத்தவில்லை, வேறு எண் வந்தால் சமம், மறுகேள்வி. இந்த லூப்புக்குள் டிலேயும், கணினிக்கு எழுத்து அனுப்பும் சீரியல் பிரிண்ட்டும் வேண்டாம். 9600 வேகத்தில் ஓர் எழுத்துக்கே ஒரு மில்லிவினாடி போகும். முதல் தொடுதலே முடிவு என்பதால் இங்கே டிபவுன்ஸும் (சுவிட்ச் அதிர்ந்து பலமுறை தொடுவதை ஒன்றாக எண்ணக் காத்திருப்பது) தேவையில்லை. நடத்துபவரின் பட்டன்களுக்கு மட்டும் 50 மில்லிவினாடி கொடுங்கள். நாலு சுவிட்சும் விடுபட்டால்தான் ரீசெட் நடக்கவேண்டும். எது சிக்கிக்கொண்டது என்பதை அந்த அணியின் விளக்கே காட்டட்டும்.

கரண்ட் போகும் ஊரில் பவர்பேங்க் நல்ல யோசனையாகத் தோன்றும். ஆனால் ஊனோ இழுப்பது சுமார் 50 மில்லிஆம்பியர்தான் என்பதால், பல பவர்பேங்குகள் போன் சார்ஜ் முடிந்ததாக எண்ணிச் சில நொடியில் அணைந்துவிடும். பழைய 12 வோல்ட் பைக் பேட்டரியை வட்ட ஜாக்கில், நடுவில் பிளஸ் வரும்படி கொடுங்கள். பிளஸ் ஒயரில் 1 ஆம்பியர் ஃபியூஸ் அவசியம்.

நிகழ்ச்சிக்கு முன் மைக்செட், டியூப்லைட், ஃபேன் எல்லாவற்றையும் போட்டு, கேபிளை முழு நீளத்துக்கு விரித்து, ஒவ்வொரு சுவிட்சையும் இருபது முறை அழுத்திப் பாருங்கள். பிறகு யாரும் தொடாமல் பத்து நிமிடம் திறப்பு நிலையில் விடுங்கள். அதற்குள் தானாக ஒலித்தால், அந்த அணியின் கெப்பாசிட்டரையும் கிரவுண்டு இணைப்பையும் முதலில் பாருங்கள்.