லாஸ் வேகஸுக்குப் புதிதாக வந்திருக்கிறீர்களா? விமான நிலையத்தின் பெயரிலிருந்து ஆரம்பிப்போம்

லாஸ் வேகஸ் விமான நிலையத்தில் டெர்மினல் 1 உண்டு, 3 உண்டு, 2 கிடையாது. வெளிநாட்டிலிருந்து நேராக வருகிறவர்கள் 3-இல் இறங்குவார்கள். பெட்டி எடுப்பதற்குள்ளேயே சூதாட்ட இயந்திரங்களின் சத்தம் காதில் விழ ஆரம்பித்துவிடும். ஊபர் பிடிக்க வாசலில் நிற்காதீர்கள், கார் நிறுத்தும் கட்டடத்துக்குள் போக வேண்டும். அழைத்துப்போக வரும் பழைய ஆள் யாராவது “மெக்காரன்ல இறங்கிட்டீங்களா?” என்று கேட்டால் குழம்ப வேண்டாம். பலகையில் ஹாரி ரீட் என்று இருக்கும். இரண்டும் ஒரே இடம்தான்.

வாடகை வீடு, பள்ளிக்கூடம், தோசை மாவு எங்கே கிடைக்கும் என்பதையெல்லாம் சொல்ல இங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் சொல்ல வருவது செனட்டர், அதாவது அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேலவை உறுப்பினர், சமாச்சாரம். நம் ஆட்கள் பத்து வருடம் இருந்தும் “நமக்குத்தான் ஓட்டு இல்லையே” என்று இதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. விசாவில் இருப்பவர்களுக்கும் செனட்டர் அலுவலகம் உதவும் என்பதே பலருக்குத் தெரியாது.

முதலில் அந்தப் பழைய பெயர். பேட் மெக்காரன் 1933 முதல் 1954-இல் இறக்கும்வரை நம் மாநிலமான நெவாடாவின் செனட்டர். 1952-இல் வந்த குடியேற்றச் சட்டம் அவர் பெயரையும் சேர்த்தே அழைக்கப்படுகிறது. அதிபர் ட்ரூமன் வீட்டோ செய்தும் நாடாளுமன்றம் அதை மீறி நிறைவேற்றியது. அந்தச் சட்டத்தில் இந்தியாவுக்கு இருந்த ஒதுக்கீடு ஆண்டுக்கு 100 பேர். ஆயிரமோ லட்சமோ இல்லை, வெறும் நூறு. 1965-இல் சட்டம் மாறிய பிறகுதான் நம்மவர்களுக்குக் கதவு சரியாகத் திறந்தது. ஆனாலும் 2021 டிசம்பர் வரை நாம் பெட்டி படுக்கையோடு வந்து இறங்கியது அவர் பெயர் தாங்கிய விமான நிலையத்தில்தான். அவருடைய இனவெறிப் பேச்சும் யூத வெறுப்பும் பெயரை மாற்றக் காரணங்களாயின.

புதுப் பெயருக்கு உரியவர் வேறு ரகம். ஹாரி ரீட் 1939-இல் சர்ச்லைட் என்ற சுரங்க ஊரில் பிறந்தவர். வேகஸிலிருந்து 95-ஆம் நெடுஞ்சாலையில் தெற்கே ஒரு மணி நேரம் போனால் வந்துவிடும். அப்பா சுரங்கத் தொழிலாளி. அம்மா ஊரிலிருந்த விபசார விடுதிகளுக்குத் துணி துவைத்துக் கொடுத்தவர். வீட்டுக்குள் கழிப்பறை கிடையாது. ஊரில் உயர்நிலைப் பள்ளி இல்லாததால் போகிற வண்டியை மறித்து ஏறி நாற்பது மைல் தாண்டி ஹெண்டர்சனுக்குப் போய்ப் படித்தார். அங்கே குத்துச்சண்டை கற்றுக்கொடுத்த மைக் ஓகாலஹன் என்ற வாத்தியார் பின்னாளில் மாநில ஆளுநரானார். அவருடன் துணை ஆளுநராக நின்று ஜெயித்தபோது ரீடுக்கு வயது 30. நடுவில் வாஷிங்டனில் சட்டம் படித்த காலத்தில், செலவுக்காக நாடாளுமன்றக் கட்டடத்தில் போலீஸ் வேலை பார்த்திருக்கிறார். பின்னாளில் அதே கட்டடத்தில் அவர் முப்பது வருடம் செனட்டராக உட்கார்ந்தார்.

அதற்குள் இரண்டு தோல்விகள். 1974-இல் செனட் தேர்தலில் அறுநூற்றுச் சொச்சம் வாக்குகளில் தோற்றார். அடுத்த வருடமே வேகஸ் மேயர் பதவிக்கு நின்றார், அதிலும் தோல்வி. அப்புறம்தான் 1977-இல் சூதாட்ட ஆணையத்தின் தலைவர் பதவி கிடைத்தது. கேசினோக்களில் மாஃபியா கொடிகட்டிப் பறந்த காலம். ஜேக் கார்டன் என்பவர் 12,000 டாலர் லஞ்சம் கொடுக்க வந்தபோது எஃப்.பி.ஐ. ஒளித்துவைத்த கேமராவில் எல்லாம் பதிவாகிக்கொண்டிருந்தது. ஏற்கெனவே பேசிவைத்தபடி ஆட்கள் உள்ளே பாய்ந்த நேரத்தில், ரீட் அந்த ஆளின் கழுத்தையே பிடித்துவிட்டார். எனக்கே லஞ்சமா என்ற ஆத்திரம். அதிகாரிகள்தான் பிடித்து இழுத்துப் பிரிக்க வேண்டியிருந்தது. 1981-இல் அவர் வீட்டுக் காரில் வெடிகுண்டு இருந்ததை மனைவி கண்டுபிடித்தார்.

1987-இல் செனட்டுக்குள் நுழைந்தவர், 1998-இல் ஐந்நூறுக்கும் குறைவான வாக்கில் தப்பிப் பிழைத்து, 2005-இல் ஜனநாயகக் கட்சியின் செனட் தலைவரானார். 2007 முதல் 2015 வரை பெரும்பான்மைத் தலைவர். எந்த மசோதா எப்போது அவைக்கு வரும் என்று முடிவு செய்கிற ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பேச்சாளர் என்று சொல்ல முடியாது. முணுமுணுவென்று பேசுவார், விடைபெறாமல் போனை வைத்துவிடுவார். யாருக்கு என்ன வேண்டும் என்று தெரிந்துவைத்திருந்ததுதான் அவர் பலம்.

உங்கள் மருத்துவக் காப்பீட்டிலும் அவர் கை இருக்கிறது. ஏற்கெனவே சர்க்கரை நோய் இருக்கிறது என்று காரணம் காட்டி இன்று காப்பீட்டை மறுக்க முடியாது. பிள்ளைகள் 26 வயதுவரை பெற்றோரின் காப்பீட்டில் இருக்கலாம். ஒபாமாகேர் என்று அழைக்கப்படும் இந்தச் சட்டத்தை 2009 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் காலையில் 60-39 என்று செனட்டில் நிறைவேற்றியவர் அவர்தான். களைப்பில் தன் முறை வந்தபோது “இல்லை” என்று சொல்லிவிட்டு, சட்டென்று திருத்திக்கொண்டது தனிக் கதை. வேலை போனால் மாநிலத்தின் காப்பீட்டுச் சந்தையான நெவாடா ஹெல்த் லிங்க் வழியாகக் காப்பீடு எடுக்க 60 நாள் அவகாசம் உண்டு. தள்ளிப்போடாதீர்கள். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் அவர்களுக்குத் தனியாகப் பயணக் காப்பீடு வாங்கிவிடுங்கள்.

கிரீன் கார்டு வரிசையிலும் அவர் காலத்துக் கதை ஒன்று உண்டு. எந்த நாட்டுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் இல்லை என்ற உச்சவரம்பை வேலைவழி விண்ணப்பங்களுக்கு நீக்கும் பிரிவோடு, குடியேற்றச் சீர்திருத்த மசோதா 2013 ஜூனில் அவர் தலைமையில் செனட்டில் 68-32 என்று நிறைவேறியது. கீழவை அதை வாக்கெடுப்புக்கே எடுக்கவில்லை. நாம் இன்னும் அதே வரிசையில் நிற்கிறோம்.

அவரும் அப்பழுக்கற்றவர் இல்லை. ஆவணங்கள் இல்லாதவர்களுக்கு இங்கே பிறக்கும் குழந்தைகளுக்குக் குடியுரிமை கூடாது என்று 1993-இல் அவரே மசோதா கொண்டுவந்திருக்கிறார். மனைவி கண்டித்தார். மாமனாரே ரஷ்யாவிலிருந்து குடியேறியவர்தானே! பிறகு அதைத் தன் அரசியல் வாழ்வின் மிகத் தாழ்ந்த கட்டம் என்று ரீட் வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார். நமக்கு இதில் விஷயம் இருக்கிறது. செனட்டர்கள் மாறுவார்கள், யார் பேச்சைக் கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்து.

சரி, காரியத்துக்கு வருவோம். மாநிலத்துக்கு இரண்டு செனட்டர்கள், பதவிக்காலம் ஆறு வருடம். ரீட் 2017-இல் விலகியபோது அவர் இடத்துக்கு வந்தவர் கேத்தரின் கோர்டெஸ் மாஸ்டோ. இன்னொருவர் ஜாக்கி ரோசன். வேலை அனுமதி அட்டை வழக்கமான காலத்தைத் தாண்டி இழுத்தடித்தால் அவர்களில் ஒருவரின் இணையதளத்தில் உதவி கேட்கும் பக்கத்துக்குப் போங்கள். உங்கள் விவரங்களைப் பார்க்க ஒரு அனுமதிப் படிவம் கேட்பார்கள். பேனாவால் கையெழுத்திட்டு, விண்ணப்பத்தின் ரசீது எண்ணோடு அனுப்ப வேண்டும். என் மனைவியின் அட்டை எங்கோ தேங்கிக் கிடந்தபோது நான் முதலில் மூன்று அலுவலகங்களுக்கு ஒரே நேரத்தில் எழுதினேன். அது தப்பு. ஒருவர் எடுத்துக்கொண்டால் மற்றவர் ஒதுங்கிவிடுவார், யாரும் எடுக்காமலும் போகலாம். ஒருவரிடம் மட்டும் கேளுங்கள். அவர்களால் விசாரிக்க முடியும், உத்தரவிட முடியாது. பெரும்பாலும் அந்த விசாரணைக் கடிதமே தூங்குகிற கோப்பை எழுப்பிவிடும்.

இன்னொரு எச்சரிக்கை. வாகனத் துறை அலுவலகமான டிஎம்வியில் ஓட்டுநர் உரிமம் எடுக்கும்போது வாக்காளர் பதிவும் கூடவே வரும். குடியுரிமை வாங்காதவர்கள் அதில் மறந்தும் கையெழுத்திடக் கூடாது. பின்னால் கிரீன் கார்டுக்கோ குடியுரிமைக்கோ விண்ணப்பிக்கும்போது அது கழுத்தைப் பிடிக்கும். விசாவில் இருப்பவர்கள் கட்சிக்கோ வேட்பாளருக்கோ நன்கொடையும் தரக்கூடாது. கிரீன் கார்டு இருந்தால் தரலாம். தேர்தல் நேரத்தில் யாராவது கதவைத் தட்டினால், “எனக்கு ஓட்டு இல்லை, ஆனால் எட்டு வருடமாக கிரீன் கார்டு வரிசையில் நிற்கிறேன்” என்று சொல்லுங்கள். பாதிப் பேர் குறித்துக்கொண்டு போவார்கள்.