காஸ் அடுப்பின் சூடு பானைக்குத்தான் போகிறதா? தராசு வைத்துப் பார்க்கும் முறை

"காஸ் கெதியா முடியுது, அடுப்பில ஏதோ பிழை." என்னைக் கூப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குவார்கள். திருகோணமலையில் காஸ் அடுப்புத் திருத்துவது என் தொழில். உப்புவெளி, நிலாவெளி விடுதிக் குசினிகள், டொக்யார்ட் வீதித் தேத்தண்ணிக் கடைகள், பட்டணத்துச் சின்ன வீடுகள் என்று எல்லா இடத்திலும் இதே முறைப்பாடுதான். எவ்வளவு கெதி என்று கேட்டால் பதில் இருக்காது. அதற்கு ஒரு எண் வேண்டும். அந்த எண்ணை வீட்டிலேயே எடுக்கலாம்.

முதலில் கசிவைப் பாருங்கள். அது முடியும் வரை நெருப்புப் பற்றவைக்க வேண்டாம். சவர்க்காரத்தைத் தண்ணீரில் நன்றாக நுரைக்க அடித்து, சிலிண்டர் வால்வு, ரெகுலேற்றர், குழாயின் இரண்டு முனைகள், அடுப்பின் திருகு எல்லாவற்றிலும் பூசுங்கள். குமிழி வளர்ந்தால் அங்கே கசிகிறது. நெருப்புக்குச்சி காட்டிப் பார்க்கிற பழக்கம் யாருக்காவது இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள். சிலிண்டரில் இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும். ஒன்று காற்றைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு பாரம், மற்றது இரண்டு மடங்கு. கசிந்த காஸ் மேலே போகாமல் தரையோடு தேங்கும். காற்றில் 2 வீதம் அளவுக்குச் சேர்ந்தாலே பற்றிக்கொள்ளும். ஆகவே காஸ் மணம் வந்தால் வால்வை மூடி, கதவை அகலத் திறந்துவிடுங்கள். மின்விளக்கு ஆளியில் கை வைக்கவே கூடாது. கடலோர வீடுகளில் குழாயை இறுக்கும் கிளிப் உப்புக் காற்றில் சீக்கிரம் துருப்பிடிக்கும். வெளியே நன்றாகத் தெரிந்தாலும் கழற்றி அடிப்பக்கத்தைப் பாருங்கள். துரு இருந்தால் மாற்றுங்கள், அது பெரிய செலவு இல்லை.

அடுத்தது சுவாலை. எனக்கு இந்தத் தொழிலில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் பார்த்த பன்சன் சுடரடுப்பு ஞாபகம் இருக்கிறதா? காஸ் எரிவதற்கு முன்பே அதோடு காற்றைக் கலந்துவிட வேண்டும் என்பதுதான் 1855 அளவில் ஜெர்மனியில் ரொபர்ட் பன்சனின் ஆய்வுகூடத்தில் உருவான அந்த அடுப்பின் யோசனை. உங்கள் குசினியில் இருப்பதும் அதே யோசனைதான். காஸ் வெளிவருகிற பித்தளை முனையான ஜெட்டின் சின்ன ஓட்டையால் காஸ் வேகமாகப் பாயும்போது பக்கத்துக் காற்றையும் கலவைக் குழாய்க்குள் இழுத்துக்கொண்டு போகிறது. எரிவதற்கு வேண்டிய காற்றில் ஏறத்தாழப் பாதி இப்படி உள்ளேயே சேரும், மீதி பர்னரைச் சுற்றியிருக்கிற காற்றிலிருந்து வரும். உள்ளே போகிற பாதி குறைந்தால் கரித்துகள்கள் உண்டாகி, சூட்டில் மஞ்சளாக ஒளிரும். மஞ்சள் சுவாலை பானையைக் கறுப்பாக்குவது இதனால்தான். சரியாகக் கலந்தால் சுவாலை நீலமாக, உள்ளே கூர்மையான ஒரு கூம்போடு நிற்கும்.

நம் ஊரில் ஒரு சிக்கல் இருக்கிறது. கடற்காற்றிலுள்ள உப்பு சுவாலையில் பட்டால் அதுவும் மஞ்சள் கலந்த செம்மஞ்சளாகத் தெரியும். அது சோடியத்தின் நிறம், 589 நானோமீற்றர் அலைநீளத்து ஒளி. இதைக் கண்டு பயந்து நல்ல பர்னரை மாற்றியவர்கள் இருக்கிறார்கள். இரண்டையும் பிரித்தறிவது லேசு. உப்பு நிறம் பொறிபோல அங்கங்கே வந்து மறையும், குசினியைக் கூட்டினாலோ சோறு வடித்தாலோ கூடும். காற்றுக் குறைவதால் வரும் மஞ்சள், சுவாலையின் நுனியில் மென்மையாக, ஆடியபடி நிலைத்து நிற்கும். சந்தேகம் இருந்தால் நீளமான பிடியுள்ள பழைய எவர்சில்வர் கரண்டியின் அடியைச் சுவாலை நுனியில் சில விநாடி பிடியுங்கள். கரி படிந்தால் காற்றுக் குறை. படியாவிட்டால் உப்பு, விட்டுவிடுங்கள்.

காற்றுக் குறைந்தால் செய்ய வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சிலிண்டரை மூடி, அடுப்பை ஆறவிட்டு, பர்னரைத் தூக்குங்கள். கலவைக் குழாய்க்குள் டோர்ச் அடித்துப் பாருங்கள். நாட்கணக்கில் பாவிக்காத அடுப்பில் குளவி மண்கூடு கட்டியிருக்கும், சிலந்தி வலையும் இருக்கும். மெல்லிய தூரிகையால் எடுத்துவிடுங்கள். ஜெட்டை மட்டும் ஊசியால் குத்தாதீர்கள். பித்தளை மென்மையான உலோகம், ஓட்டை மயிரளவு பெருத்தாலே காஸ் கூடிப்போய் காற்று போதாமல் போகும். குழாயின் வாயில் காற்று வளையம் உள்ள அடுப்பானால், திரும்பப் பூட்டிப் பற்றவைத்து, நீலம் வரும்வரை அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறவுங்கள். அளவுக்கு மிஞ்சித் திறந்தால் சுவாலை ஓட்டையை விட்டு எழும்பி இரையும். அப்போது ஒரு துளி மூடுங்கள்.

மஞ்சள் சுவாலையைச் சும்மா விடக்கூடாது என்பதற்குக் காஸ் செலவைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. முழுதாக எரியாத காஸ் காபனோரொட்சைட்டு என்ற நச்சுவாயுவைத் தரும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. ஒரு கிலோ காஸ் எரிய ஏறத்தாழ 13 கன மீற்றர் காற்று வேண்டும். சின்னக் குசினி ஒன்றின் மொத்தக் காற்றும் அவ்வளவுதான். வாடைக் காலத்தில் மழைச் சாரலுக்கு எல்லா யன்னலையும் அடைத்துவிட்டுச் சமைக்கிற வீடுகளைப் பார்க்கும்போது எனக்குப் பதறும். ஒரு யன்னலாவது திறந்திருக்கட்டும்.

சரி, இனி அளவு. தேவையானவை: பலசரக்குக் கடையில் இருப்பது போன்ற 30 கிலோ டிஜிட்டல் தராசு (5 கிராம் வரை காட்ட வேண்டும்), 100 பாகை வரை காட்டும் வெப்பமானி, மூடியுள்ள பெரிய பானை. காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி 42 பாகையோடு நின்றுவிடும், அது சரிவராது. தராசை அயலில் உள்ள கடையில் ஒரு பின்னேரத்துக்கு இரவல் கேட்டால் தருவார்கள். 5 கிலோ சிலிண்டர் என்றால் தூக்கி வைக்க வசதி.

பானையில் 10 லீற்றர் தண்ணீர் விடுங்கள். ரெகுலேற்றரைக் கழற்றி, சிலிண்டரைத் துடைத்து, தராசில் நிறுத்து எழுதிக்கொண்டு, ரெகுலேற்றரைத் திரும்பப் பூட்டுங்கள். தண்ணீரின் சூட்டையும் எழுதுங்கள். நம் ஊரில் அது 28 பாகைக்குக் கிட்ட இருக்கும். மூடி போட்டு, வழக்கமாக வைக்கிற சுவாலையில் வையுங்கள். தண்ணீர் சரியாக 60 பாகை கூடியதும், அதாவது 28 என்றால் 88 ஆனதும், அடுப்பை அணையுங்கள். கொதிக்க விடவேண்டாம். ஆவியாகப் போகிற சூட்டை இந்தக் கணக்குப் பிடிக்காது. வெப்பமானியைப் பார்ப்பதற்கு முன் தண்ணீரை ஒருமுறை கலக்குங்கள். பிறகு ரெகுலேற்றரைக் கழற்றி, சிலிண்டரைத் துடைத்துத் திரும்ப நிறுங்கள். காஸ் உள்ளே ஆவியாகும்போது சிலிண்டர் குளிர்ந்து, நம் ஈரக்காற்றில் வெளிப்பக்கம் வியர்த்திருக்கலாம். துடைக்காமல் நிறுத்தால் அந்தத் தண்ணீரும் கணக்கில் ஏறிவிடும்.

10 லீற்றர் தண்ணீரை 60 பாகை சூடாக்க ஏறத்தாழ 2,510 கிலோயூல் (சூட்டை அளக்கும் அலகு) வேண்டும். ஒரு கிராம் காஸ் ஏறத்தாழ 46 கிலோயூல் தருகிறது. ஆகவே ஒரு துளி சூடும் வீணாகாமல் இருந்தால் 55 கிராம் போதும். இந்த 55-ஐ நீங்கள் செலவழித்த கிராமால் வகுத்து 100-ஆல் பெருக்குங்கள். 90 கிராம் போயிருந்தால் 61 வீதம், நல்ல அடுப்பு. 110 போயிருந்தால் 50 வீதம், பாதிச் சூடு குசினிச் சுவருக்குப் போகிறது. ஆய்வுகூடங்களில் அடுப்புகளைச் சோதிக்க 2018-இல் வந்த ஐஎஸ்ஓ 19867-1 நியமம் புகை, காபனோரொட்சைட்டு எல்லாவற்றையும் சேர்த்து இதைவிட நுணுக்கமாக அளக்கும். ஆனால் பானைக்குப் போன சூட்டை, எரித்த எரிபொருளின் சூட்டால் வகுப்பது என்ற அடிப்படை அங்கேயும் இதேதான்.

எண் கிடைத்த பிறகு ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றித் திரும்ப அளந்து பாருங்கள். முதலில் சுவாலையின் அகலம். பானையின் அடியைத் தாண்டி வெளியே நக்குகிற சுவாலை முழுவதும் நட்டம். திருகைக் குறைத்தால் நேரம் கூடும், பெரும்பாலான அடுப்புகளில் கிராம் குறையும். அப்புறம் காற்று. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் யன்னலோரம் உள்ள அடுப்பு சாய்ந்த சுவாலையோடு எரிகிறது. அடுப்பை ஒரு முழம் உள்ளே தள்ளிவைத்து அளந்து பாருங்கள், யன்னலைச் சாத்தாமலே வித்தியாசம் தெரியும்.

2022-இல் காஸுக்கு வரிசையில் நின்ற காலத்தில் விறகுக்குத் திரும்பிய வீடுகள் பல இன்னும் இரண்டையும் பாவிக்கின்றன. அவர்களும் இதே பானையை வைத்து அளக்கலாம். காய்ந்த விறகில் கிராமுக்கு 15 முதல் 16 கிலோயூல் இருக்கிறது, ஆகவே 55-க்குப் பதிலாக 160 என்று போடுங்கள். விறகை முன்னும் பின்னும் நிறுத்து, கடைசியில் மிஞ்சிய கரியையும் நிறுங்கள். கரியில் சூடு விறகைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு, அதனால் கரியின் எடையை இரட்டித்து விறகுச் செலவிலிருந்து கழியுங்கள். மூன்று கல் அடுப்பில் ஒரு கிலோவுக்கு மேல் போகும், 10 முதல் 15 வீதம்தான் தேறும். மண்ணால் செய்த அனகி போன்ற அடுப்பில் அதைவிட நன்றாக வரும். பச்சை விறகு, நனைந்த தேங்காய்ப் பொச்சு என்றால் சூட்டில் ஒரு பங்கு அந்த ஈரத்தை ஆவியாக்கவே போய்விடும். மின் அடுப்பு என்றால் மானியைப் பாருங்கள். குறைந்தது 0.7 அலகு வேண்டும், அதற்கு மேல் ஓடியதெல்லாம் வீண். மூன்றையும் இன்றைய விலையால் பெருக்கினால், உங்கள் வீட்டில் எது மலிவு என்று ஒருவரிடமும் கேட்கத் தேவையில்லை.

காஸை மிச்சப்படுத்தும் என்று பர்னருக்கு மேல் வைக்கிற வளையங்களைச் சந்தையில் விற்கிறார்கள். சில காற்றை மறைத்து உண்மையிலேயே உதவும், சில சுவாலைக்கு வேண்டிய காற்றையே அடைத்து மஞ்சளாக்கிவிடும். காசு கொடுப்பதற்கு முன் ஒன்றை இரவல் வாங்கி வாருங்கள். வளையம் இல்லாமல் ஒருதரம், வைத்து ஒருதரம், அதே பானை, அதே 10 லீற்றர். கிராமும் குறைந்து, கரண்டியிலும் கரி படியாமல் இருந்தால் வாங்குங்கள். இரண்டில் ஒன்று பிழைத்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.