எம்ஜிபியா, ஸ்பிட்ஃபயரா? பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கப் போகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

இங்கிலாந்தில் கென்ட் பக்கம் இருக்கும் நண்பர் ஒருவர் போன் செய்தார். இரண்டு கார்களைப் பார்த்து வைத்திருக்கிறாராம். ஒன்று 1973ஆம் வருட எம்ஜிபி, பச்சை நிறம், குரோம் பம்பர். இன்னொன்று 1978ஆம் வருட ட்ரயம்ஃப் ஸ்பிட்ஃபயர் 1500, பளபளவென்று சிவப்பு. இரண்டும் கூரையை மடித்துவிட்டு ஓட்டுகிற ரகம். "எது நல்ல கார், சொல்லுங்க" என்றார். இரண்டு வாரமாக இன்ஜின், குதிரைசக்தி, வேகம் என்று ஒன்று விடாமல் படித்திருந்தார். இரண்டில் ஒன்றின் அடியில்கூடக் குனிந்து பார்க்கவில்லை.

முதல் தவறு அந்தக் கேள்விதான். இரண்டும் 1962இல் வந்தவை, 1980இல் நின்றவை. ஆரம்பத்தில் போட்டிக் கம்பெனிகளின் கார்கள். 1968க்குப் பிறகு பிரிட்டிஷ் லேலண்ட் என்ற ஒரே கூரைக்கு அடியில் வந்துவிட்டன. எம்ஜிபிக்கு 1798 சிசி. முதலில் வந்தபோது 95 குதிரைசக்தி. ஸ்பிட்ஃபயர் 1500க்கு 1493 சிசி, 71 குதிரைசக்தி. இன்றைக்குக் காய்கறி வாங்கக் கடைக்குப் போகிற சாதாரண ஹேட்ச்பேக் இரண்டையும் தாண்டிப் போய்விடும். ஆகவே அந்த 24 குதிரைகளை எண்ணிக்கொண்டிருப்பதில் பயனில்லை. ஒரே நாளில், ஒரே ஆலையில் செய்த இரண்டு எம்ஜிபிகூட ஐம்பது வருடம் கழித்து ஒரே கார் கிடையாது. ஒன்று காய்ந்த ஷெட்டில் நின்றிருக்கும், இன்னொன்று குளிர்காலத்தில் சாலையில் கொட்டும் உப்பில் ஓடியிருக்கும். நண்பர் ஒப்பிட வேண்டியது இந்தப் பச்சையையும் அந்தச் சிவப்பையும்தான்.

அப்படி ஒப்பிடும்போது இன்ஜினைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். இரண்டு காருக்கும் இன்ஜின் உதிரிபாகம் தாராளமாகக் கிடைக்கிறது, பிரித்துச் செய்யத் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். காசைத் தின்பது தகரம்.

எம்ஜிபிக்குத் தனி சேஸி கிடையாது. உடம்பேதான் எலும்பு. கதவுக்குக் கீழே, முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை ஒரு பெட்டி மாதிரி ஓடுகிறதே, அந்தக் கதவடிச் சட்டம்தான் கூரையில்லாத காரை நடுவில் தொய்யாமல் பிடித்து வைத்திருக்கிறது. வெளியே தெரிவது ஒரு தகடு. உள்ளே இன்னும் அடுக்குகள் உண்டு, துரு அங்கிருந்துதான் கிளம்பும். வெளித்தகட்டில் கொப்புளம் தெரிகிறபோது உள்ளே பாதி போயிருக்கும்.

"அப்படியானால் ஸ்பிட்ஃபயர் தேவலை, அதற்குத்தான் தனி சேஸி இருக்கிறதே" என்றார் நண்பர். பலரும் விழுகிற குழி இது. சென்னையில் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு நினைவிருக்கிறதா? ஸ்பிட்ஃபயர் அதே ட்ரயம்ஃப் ஹெரால்டின் சேஸியைச் சுருக்கிச் செய்தது. இரண்டுக்கும் உடல் வரைந்தவரும் ஒருவரே, இத்தாலியரான ஜியோவான்னி மிக்கெலோட்டி. ஆனால் சுருக்கும்போது ஹெரால்டில் பக்கவாட்டில் நீண்டிருந்த தாங்கிகளை எடுத்துவிட்டார்கள். அந்தப் பாரம் கதவடிச் சட்டத்தின் தலையில் வந்தது. சேஸி இருந்தும் ஸ்பிட்ஃபயரில் சட்டம் இற்றுப்போனால் கார் தொய்யும்.

இதைப் பார்க்க மெக்கானிக் படிப்பு வேண்டாம். பையில் ஒரு சின்னக் காந்தம் போதும். கதவடிச் சட்டத்திலும், சக்கர வளைவின் ஓரத்திலும், கதவின் கீழ்விளிம்பிலும் வைத்துப் பாருங்கள். எங்கே ஒட்டாமல் வழுக்குகிறதோ அங்கே தகரம் இல்லை, பட்டி இருக்கிறது. துருப்பிடித்த ஓட்டையில் பட்டியை அப்பித் தேய்த்து, மேலே பெயின்ட் அடித்து விற்பது முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. படத்தில் தெரியாது, காந்தத்துக்குத் தெரியும். அப்புறம் கதவு இடைவெளி. கதவின் பின்விளிம்பில் மேலிருந்து கீழ் வரை சந்து ஒரே அளவாக இருக்க வேண்டும். மேலே ஒட்டிக்கொண்டு கீழே விரிந்திருந்தால் கார் நடுவில் தொய்ந்துவிட்டது. விற்பவர் சம்மதித்தால் பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். இடித்தால் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

"புதுசா சட்டம் மாத்தியாச்சு" என்று விற்பவர் சொன்னாலும் நிம்மதியடைய வேண்டாம். கதவு வாசலுக்குக் குறுக்கே கம்பி கொடுத்து முட்டு வைத்த பிறகுதான் பழைய சட்டத்தை வெட்ட வேண்டும். முட்டு வைக்காமல் வெட்டிப் புதியதை வெல்டு வைத்தால் தொய்வு அப்படியே நிரந்தரமாகிவிடும். எனவே பில்லை மட்டும் கேட்காதீர்கள், வேலை நடந்தபோது எடுத்த படங்களைக் கேளுங்கள். ஒழுங்காகச் செய்தவர்கள் பெரும்பாலும் படம் எடுத்து வைத்திருப்பார்கள்.

பழைய எம்ஜிபியில் இன்னும் ஓர் இடம் பாக்கி. இருக்கைகளுக்குப் பின்னால் கம்பளத்தைத் தூக்கினால் ஒரு மூடி இருக்கும். அதற்கடியில் இரண்டு ஆறு வோல்ட் பேட்டரி உட்காரும் பெட்டிகள். ஆசிட் சிந்திச் சிந்தி அவை இற்றுப்போயிருக்கும். அந்த மூடியைக் கழற்றத் தயங்குகிறவரிடம் கார் வாங்காதீர்கள்.

காகித விஷயத்துக்கு வருவோம். 2018 மே முதல் பிரிட்டனில் நாற்பது வயது தாண்டிய, பெரிதாக மாற்றியமைக்கப்படாத கார்களுக்கு எம்ஓடி என்கிற வருடாந்திரப் பரிசோதனை கட்டாயமில்லை. "இதுக்கு எம்ஓடியே வேண்டாம்" என்று விளம்பரத்தில் அதை ஒரு சலுகை மாதிரி போடுகிறார்கள். அதற்கு அர்த்தம், சில வருடங்களாக அந்தக் காருக்கு அடியில் வேற்றாள் யாரும் குனிந்து பார்க்காமலே இருந்திருக்கலாம் என்பது. நம்பர் பிளேட் எண்ணைக் கொடுத்தால் 2005க்குப் பிந்தைய எம்ஓடி முடிவுகளை அரசு இணையதளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். நண்பரை உட்காரவைத்துப் பார்க்கச் சொன்னேன். சிவப்பு ஸ்பிட்ஃபயரின் கடைசிப் பரிசோதனை 2017இல். "இரு பக்கச் சட்டத்திலும் துரு" என்று அதில் எச்சரிக்கை. அதற்குப் பிறகு ஒரு பதிவும் இல்லை. நடுவில் நடந்தது புதுப் பெயின்ட் மட்டும்தான். விற்பவரிடம் வெல்டிங் பில் இருக்கிறதா என்று கேட்டதற்கு, "பாருங்க, பெயின்ட் எப்படி மின்னுது" என்று பதில் வந்ததாம்.

ஸ்பிட்ஃபயர் வாங்குகிறவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியவை இன்னும் இரண்டு. முன்சக்கரம் திரும்புகிற அச்சின் அடியில் மரை போட்ட ஒரு பித்தளைத் துண்டு இருக்கும், ட்ரன்னியன் என்பார்கள். ட்ரயம்ஃப் கையேட்டின்படி அதற்குப் போட வேண்டியது கெட்டியான கியர் ஆயில், இபி90. பலர் பழக்க தோஷத்தில் கிரீஸ் அடித்துவிடுகிறார்கள். எம்ஜிபியின் முன்பக்கத்துக்கு கிரீஸ்தான் சரி என்பதால் இந்தக் குழப்பம் இன்னும் அதிகம். எண்ணெய் காணாத மரை உள்ளே அரித்து, ஒருநாள் முறிந்தால் சக்கரம் மடங்கிவிடும். ஆகவே "முன்பக்கத்துக்கு என்ன போடுவீங்க?" என்று வெகுளியாகக் கேட்டுப் பாருங்கள். பதிலிலேயே அவர் காரை எப்படி வைத்திருந்தார் என்பது தெரிந்துவிடும்.

இரண்டாவது, இன்ஜினுக்குள் சுழலும் அச்சான கிராங்க் ஷாஃப்ட் முன்னும் பின்னும் நகராமல் பிடிக்கும் அரைவட்ட வாஷர்கள். தேய்ந்துபோனால் கழன்று எண்ணெய்த் தொட்டியில் விழும். பிறகு கிராங்க் இன்ஜின் கட்டையையே அரைக்க ஆரம்பிக்கும். இன்ஜினை நிறுத்திவிட்டு, ஒருவரைக் கிளட்சை மிதித்து மிதித்து விடச் சொல்லுங்கள். நீங்கள் முன்னால் நின்று, கிராங்கின் நுனியில் இருக்கும் புல்லியைப் பாருங்கள். ஸ்பிட்ஃபயரின் முன்முகம் மொத்தமும் தூக்கிக்கொண்டு திறப்பதால் நன்றாகவே தெரியும். புல்லி கண்ணுக்குத் தெரிகிற அளவு முன்னும் பின்னும் போய் வந்தால் அந்த இன்ஜினுக்குப் பெரிய செலவு காத்திருக்கிறது.

எம்ஜிபியில் இப்படிப் பயமுறுத்துகிற கோளாறு குறைவு. ஓவர்டிரைவ், அதாவது இன்ஜின் சுற்றைக் குறைக்கிற கூடுதல் கியர், இருக்கிறது என்று சொன்னால் வெள்ளோட்டத்தில் நாலாவது கியரில் போட்டுப் பாருங்கள், இன்ஜின் சுற்று சட்டென்று இறங்க வேண்டும். கம்பிச் சக்கரமென்றால், கொஞ்சம் முன்னால் நகர்த்தி உடனே பின்னால் எடுங்கள். 'டொக்' என்று சத்தம் வந்தால் சக்கரம் அச்சில் மாட்டுகிற இடத்துப் பற்கள் தேய்ந்திருக்கலாம். இன்னொன்று, நீங்கள் போய்ச் சேர்வதற்கு முன்பே இன்ஜினைச் சூடாக்கி வைத்திருந்தால் அது ஏன் என்று கேளுங்கள், குளிர்ந்த இன்ஜின் கிளம்பத் திணறுவதை மறைக்கிற வேலையாக இருக்கலாம்.

1974 கடைசியில் அமெரிக்க விதிகளுக்காக எம்ஜிபிக்குக் கறுப்பு ரப்பர் பம்பர் வந்தது, காரும் உயர்ந்தது. பார்க்க அழகில்லை என்பதால் விலை குறைவு. மலிவாக அதை வாங்கி, பிறகு குரோமுக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று கணக்குப் போடுகிறவர்களுக்கு என் பதில்: வேண்டாம். மாற்றுகிற செலவில் முதலிலேயே குரோம் கார் வாங்கியிருக்கலாம். ரப்பர் பம்பரே பிடித்திருந்தால் அது வேறு கதை. தினமும் ஓட்ட 1977க்குப் பிந்தையதை நான் தயங்காமல் எடுப்பேன்.

"இது போனா கிடைக்காதுங்க" என்ற பேச்சையும் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். எம்ஜிபி ஐந்து லட்சத்துக்கு மேல், ஸ்பிட்ஃபயர் மூன்று லட்சத்துக்கு மேல் செய்திருக்கிறார்கள். அடுத்த வாரமே இன்னொன்று விற்பனைக்கு வரும்.

கையிலிருக்கும் பணம் முழுவதையும் காருக்கே கொடுத்துவிட்ட அனுபவம் எனக்குண்டு. முதல் மாதமே டயர், பெட்ரோல் ஹோஸ், பிரேக் என்று வரிசையாக வந்து நின்றன. ஹோஸ் சின்ன விஷயம் மாதிரி தோன்றும். 2021இல் பிரிட்டனில் சாதாரண பெட்ரோல் இ10 ஆனது, அதாவது பத்து சதவீதம் வரை எத்தனால் கலந்தது. கூடுதலான எத்தனால் பழைய ரப்பரைக் கெடுக்கும். எத்தனால் குறைவான இ5 பெட்ரோல் போடுங்கள், ஹோஸையும் மாற்றிவிடுங்கள்.

நண்பர் கடைசியில் பச்சை எம்ஜிபியைத்தான் எடுத்தார். பெயின்ட் மங்கல், இருக்கையில் கிழிசல். ஆனால் சட்டம் மாற்றியபோது குறுக்கே முட்டுக் கம்பியோடு எடுத்த படங்கள் ஒரு ஃபைல் நிறைய இருந்தன. சிவப்பு ஸ்பிட்ஃபயர் மூன்று வாரம் கழித்தும் விளம்பரத்தில் இருந்தது. விலையில் ஐந்நூறு பவுண்டு இறங்கியிருந்தது. கதவுக்குக் கீழே தெரிகிற படத்தை மட்டும் எடுத்துவிட்டிருந்தார்கள்.