நாற்று பெருகினால் இனம் பிழைத்துவிடாது

அரிய காட்டுச்செடியைக் காப்பாற்றப் போகிறோம் என்றதும் எல்லாரும் முதலில் செய்வது தலை எண்ணுவதுதான். 40 செடி இருந்தது, 400 ஆக்கிவிட்டோம் என்று சந்தோஷப்படுகிறோம். அந்த 400-ம் எத்தனை தாய்ச்செடியிலிருந்து வந்தவை என்று கேட்பதே இல்லை. மற்ற தவறுகளெல்லாம் இதிலிருந்துதான் கிளம்புகின்றன.

1895-இல் தென்னாப்பிரிக்காவின் ஓங்கோயே காட்டில் ஜான் மெட்லி வுட் கண்ட என்செபாலார்ட்டோஸ் வூடி என்ற மரத்தைப் பாருங்கள். பார்க்கப் பனைபோல இருக்கும் சைக்கஸ் குடும்பத்துக்கு நெருங்கிய உறவு, இவற்றில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு (நாட்டு மருந்துக் கடையில் மதனகாமப்பூ என்று தருகிறார்களே, அது ஒரு சைக்கஸின் ஆண் கூம்புதான்). வுட் கண்டது ஆண் மரம், ஒரே தூரில் சில தண்டுகள். பக்கக்கன்றுகளைப் பிரித்துப் பிரித்து நட்டதில் இன்று உலகின் பல தாவரவியல் பூங்காக்களில் அது நிற்கிறது, ஆனால் அத்தனையும் அந்த ஒரே மரம். பெண் மரம் எங்கும் கிடைக்கவில்லை. விதை இல்லாமல் மரபணு கலக்காது, கலக்காவிட்டால் வேறுபாடு பிறக்க வழி ரொம்பக் குறைவு, புது நோயோ வறட்சியோ வந்தால் தாக்குப்பிடிக்கும் ஒன்றாவது இருக்கும் என்று நம்பவும் முடியாது.

ஆண், பெண் என்று பிரியாத செடிக்கும் இந்தக் கதி வரும். அமெரிக்காவில் சுண்ணாம்புப் பாறைமேல் மஞ்சளாகப் பூக்கும் லேக்சைடு டெய்சி, இல்லினாய் மாநிலத்தில் கடைசியாக மிஞ்சிய கூட்டத்தில் வருடக்கணக்கில் விதையே பிடிக்கவில்லை. இந்தச் செடி தன் மகரந்தத்தையும் ஏற்காது, தன் இனத்திலேயே தன்னுடைய இணைசேரும் வகையைச் சேர்ந்த இன்னொரு செடியின் மகரந்தத்தையும் ஏற்காது. மிஞ்சியவை எல்லாம் அப்படி ஒரே இணைசேரும் வகை. ஊரில் உள்ளவர்கள் அத்தனை பேரும் பங்காளிகளாகிவிட்டால் சம்பந்தம் எங்கே செய்வது? ஒஹாயோ செடிகளோடு சேர்த்த பிறகுதான் விதை பிடித்தது.

சரி, அப்படியானால் எங்கிருந்தாவது கொண்டுவந்து கலந்துவிடலாமா? அதுவும் தவறு. தென்கிழக்கு ஆஸ்திரேலியப் புல்வெளிகளில் வளரும் பட்டன் ரிங்கிள்வொர்ட் செடியில் சில கூட்டங்களுக்குக் குரோமோசோம் இரண்டு தொகுதி, சிலவற்றுக்கு நான்கு. இரண்டையும் கலந்தால் மூன்று தொகுதியோடு பிறக்கும் செடி சரியாக விதை கட்டாது. குரோமோசோமைப் பார்க்காமல் கலக்கவே கூடாது.

அப்புறம் விதை சேகரிப்பு. பாதையோரத்தில் நன்றாகக் காய்த்த நாலு செடியில் மடி நிறையப் பறித்து ஒரே பையில் கொட்டுகிறோம், மனதுக்கு நிறைவாகத்தான் இருக்கும், ஆனால் அது நாலு தாயின் விதை, அவ்வளவே. முடிந்தால் 50 செடிகளிலிருந்தாவது எடுங்கள், ஒவ்வொரு தாய்க்கும் தனிக் காகிதக் கவர், மேலே எண். அன்று முற்றியிருப்பதில் 20 சதவீதத்துக்கு மேல் தொடாதீர்கள், மிச்சம் காட்டுக்கு. பிந்திப் பூத்ததையும் பாறை இடுக்கில் நோஞ்சானாக நிற்பதையும் விட்டுவிடாதீர்கள்.

இவ்வளவும் சரியாகச் செய்தவர்கள்கூடக் கோட்டைவிடும் இடம் நாற்றங்கால். முதல் வாரத்தில் முளைத்ததையெல்லாம் வைத்துக்கொண்டு, முளைக்காத விதைகள் உள்ள தட்டை 'பொக்கு விதை' என்று குப்பையில் கொட்டிவிடுகிறோம். காட்டில் முதல் மழை ஏமாற்றிவிட்டால் அவசரப்பட்டு முளைத்தவை கருகிவிடும், தாமதித்த விதைதான் அடுத்த மழைக்கு எழும். அந்தத் தட்டை எறியாமல், ஈரம் காயாமல் ஒரு ஓரமாக வைத்திருங்கள், அடுத்த பருவம் வரைக்கும்.