புதுசா பழசா: கார் வாங்கும் முன் நான் போடும் கணக்கு

இதுவரை மூன்று கார் வாங்கியிருக்கிறேன். முதலாவது பழசு, இரண்டாவது புதுசு, மூன்றாவது மறுபடியும் பழசு. முதல் இரண்டிலும் கையைச் சுட்டுக்கொண்டவன் நான். அதனால் "புதுசு எடுக்கலாமா, பழசே போதுமா?" என்று யாராவது கேட்டால் திருப்பி ஒரு கேள்விதான் கேட்பேன்: எத்தனை வருஷம் வைத்திருப்பீர்கள்?

கார் தேய்வதைவிட வேகமாகத் தேய்வது அதன் விலை. அதிலும் முதல் மூன்று வருஷத்தில்தான் அடி பலமாக விழும். ஒரு தாளை எடுத்து, புதுக் காரின் விலையை 100 என்று எழுதிக்கொள்ளுங்கள். அதே மாடலில் 3, 6, 8 வருஷம் ஓடிய வண்டிகள் இப்போது என்ன விலைக்குப் போகின்றன என்று விளம்பரங்களில் பாருங்கள். இது மாடலுக்கு மாடல் ரொம்பவே மாறும். கணக்குக்காக 60, 40, 30 என்று வைப்போம். புதுசாக வாங்கி மூன்றாம் வருஷமே விற்றால் 40 போச்சு. வருஷத்துக்கு 13-க்கு மேல். மூன்று வருஷப் பழசை வாங்கி, அது ஆறு வருஷப் பழசானதும் விற்றால் 20-தான் போகும். வருஷத்துக்கு 7-கூட இல்லை. சரி, புதுசையே எட்டு வருஷம் ஓட்டினால்? 70 போகும், வருஷத்துக்கு 9-க்குச் சற்றுக் குறைவு. மூன்று வருஷப் பழசை வாங்கி, அது எட்டு வருஷப் பழசாகும் வரை ஓட்டினால் வருஷத்துக்கு 6. இடையில் இருக்கும் அந்த மூன்றையும் டயர், பேட்டரி, கிளட்ச், சஸ்பென்ஷன் என்று பழைய வண்டியே மெல்ல மெல்லத் தின்றுவிடும்.

அதாவது, நீண்ட நாள் வைத்திருப்பவருக்குப் புதுசு அவ்வளவு நஷ்டமில்லை. சீக்கிரம் மாற்றுகிறவருக்குத்தான் அது ஆகாது. என் இரண்டாவது காரைப் புத்தம் புதிதாக எடுத்தபோது பத்து வருஷம் ஓட்டுவேன் என்று வீட்டில் சத்தியம் செய்யாத குறை. மூன்றாம் வருஷம் இரட்டைக் குழந்தைகள் பிறந்தார்கள். பின் சீட்டில் இரண்டு குழந்தை இருக்கை வைத்ததும் அம்மா உட்கார இடமில்லை. விற்றேன். ஆகவே அடுத்த ஐந்து வருஷத்தில் வேலை மாறுமா, ஊர் மாறுமா, வீட்டில் ஆள் கூடுமா என்று யோசித்துப் பாருங்கள். பதில் "தெரியவில்லை" என்றால் பழசே நல்லது. இப்போதுதான் ஓட்டப் பழகுகிறவருக்கும் அப்படியே. முதல் கீறலுக்கு நெஞ்சு வலிக்காது.

கடனில் வாங்குகிறீர்கள் என்றால் மாதத் தவணையை ஒப்பிடாதீர்கள். பழைய காருக்கு வட்டி பொதுவாகக் கூடுதல். புதுக் காருக்கோ தவணையை வருஷக்கணக்கில் நீட்டிச் சின்னதாகக் காட்டுவார்கள். முன்பணம், எல்லாத் தவணைகள், காப்பீடு மூன்றையும் கூட்டி, மொத்தமாகக் கையைவிட்டுப் போவது எவ்வளவு என்று பாருங்கள்.

பழசு என்று முடிவானால் வேலை அங்கேதான் ஆரம்பம். என் முதல் காரின் மீட்டர் 42,000 கிலோமீட்டர் காட்டியது. கிளட்ச் பெடலின் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்ததைப் பார்த்தும் நான் யோசிக்கவில்லை. மூன்று மாதம் கழித்து ஏர் ஃபில்டரைக் கழற்றிய மெக்கானிக், மூடிக்கு உள்பக்கம் ஒட்டியிருந்த பழைய சர்வீஸ் சீட்டைக் காட்டினார். அதில் 87,000 என்று இருந்தது. மீட்டரைத் திருப்பிவிடலாம்; பெடல், ஸ்டீயரிங் உறை, ஓட்டுநர் சீட்டின் ஓரம் இவற்றின் தேய்மானத்தைத் திருப்ப முடியாது. முதலில் அவற்றைப் பாருங்கள். மீட்டரை அப்புறம் பார்க்கலாம்.

வண்டியைப் பகலில், மழையில்லாத நேரத்தில் பாருங்கள். ஈரமான பெயின்ட்டில் ஒடுக்கு தெரியாது. போனதும் பானட்டில் கையை வையுங்கள். சூடாக இருந்தால் முன்பே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள். ஆறிய பிறகு வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். எஞ்சினின் உடம்பு சரியில்லாதது குளிர்ந்த ஸ்டார்ட்டில்தான் தெரியும். நீலப் புகை வந்தால் எஞ்சின் ஆயிலைக் குடிக்கிறது. வெள்ளைப் புகை அடர்த்தியாக வந்து நிற்காமல் இருந்தால் எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் உள்ளே கசிகிறது என்று சந்தேகப்படலாம். கறுப்பு, எரிபொருள் அளவுக்கு மீறிப் போவதன் அடையாளம்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் ஒன்று இருக்கும். 2321 என்றால் 2021-ஆம் வருஷத்தின் 23-ஆவது வாரம் தயாரானது. 20,000 கிலோமீட்டரே ஓடியதாகச் சொல்லும் காரில் நான்கு டயரும் புதுசு என்றால், ஏன் என்று கேளுங்கள். கண்ணாடிகளின் மூலையிலும் தயாரிப்பு வருஷக் குறி இருக்கும். ஒன்று மட்டும் வேறு வருஷமாக இருந்தால் அந்தப் பக்கம் அடிபட்டிருக்கலாம். கதவு, பானட் போல்ட்டுகளில் பெயின்ட் உரிந்திருந்தால் யாரோ ஸ்பேனர் போட்டுக் கழற்றியிருக்கிறார்கள். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள், ஸ்டெப்னியைத் தூக்கி அடியில் தடவிப் பாருங்கள். சேற்றுக் கறை இருந்தால் வெள்ளத்தில் நின்ற வண்டி. விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். வயரிங் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டே இருக்கும்.

மின்சாரக் காருக்கு இந்தப் பட்டியலில் பாதி பொருந்தாது. அங்கே பேட்டரி புதுசாக இருந்தபோது இருந்த கொள்ளளவில் எத்தனை சதவீதம் மிச்சம் என்ற அறிக்கைதான் முக்கியம். பல கம்பெனிகள் பேட்டரிக்கு 8 வருஷம் அல்லது 1,60,000 கிலோமீட்டர், எது முந்தியோ அதுவரை, உத்தரவாதம் தருகின்றன. அதில் எவ்வளவு மீதி, அது அடுத்த உரிமையாளருக்கும் செல்லுமா என்று எழுத்தில் வாங்குங்கள்.

இவ்வளவும் நீங்களே பார்த்தாலும், விற்பவருக்குச் சம்பந்தமில்லாத ஒரு மெக்கானிக்குக் கூலி கொடுத்துக் கூட்டிப்போங்கள். வண்டியை லிஃப்டில் ஏற்றி, காரின் கம்ப்யூட்டரில் பதிவான பழுதுகளைப் படிக்கும் ஸ்கேனரும் போடச் சொல்லுங்கள். பழுதுக் குறிகளை முந்தின நாள்தான் அழித்திருந்தால், கார் தன்னைத்தானே செய்துகொள்ளும் சோதனைகள் இன்னும் முடியவில்லை என்று அது பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும். மூன்றாவது காருக்காக மூன்று பேரிடம் பேசினேன். மெக்கானிக்கோடு வருகிறேன் என்றதும் முதல் இருவர் அப்புறம் போனையே எடுக்கவில்லை. மூன்றாமவர், "தாராளமா வாங்க சார், சர்வீஸ் புத்தகத்தையும் எடுத்து வைக்கறேன்" என்றார். விலையில் பத்தில் ஒரு பங்கைத் தனியாக எடுத்து வைத்துவிட்டுத்தான் அந்த வண்டியை வாங்கினேன். முதல் மாதமே ஆயில், பிரேக் ஆயில், ஃபில்டர்கள், டைமிங் பெல்ட், இரண்டு டயர் என்று அதில் முக்கால்வாசி காலி.